நிலம் வாக்களிக்குமா? தமிழகத் தேர்தல்களின் வட்டார விளக்கங்கள்: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத் தேர்தல் முடிவுகள் வெளிவரும்போதெல்லாம் ‘மேற்கு மண்டலம் ஒரு கட்சியின் கோட்டை’, ‘வட மாவட்டங்கள் சாதிவழி வாக்களிப்பவை’, ‘குமரி தனிவழி செல்வது’ என்னும் கூற்றுகள் எடுத்தாளப்படுகின்றன. நாளிதழ்களில் தோன்றும் இக்கூற்றுகள் காலப்போக்கில் ஆய்வேடுகளிலும் மெய்ப்பிக்கப்பட்ட முடிவுகளாக இடம்பெறுகின்றன. வட்டாரத்தை வாக்களிப்பின் காரணமாகக் கொள்ளும் இவ்விளக்கமுறையை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. 1980, 2019 ஆகிய ஆண்டுகளின் தேர்தல்கள், கோயம்புத்தூர் மக்களவைத் தொகுதியின் வரலாறு, வட மாவட்டங்கள், கன்னியாகுமரி, கீழத்தஞ்சை ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. வட்டாரம் என்பது காரணம் அன்று, காரணங்கள் தங்கியிருக்கும் இடம் என்பதும், அக்காரணங்களைப் பெயர் சுட்டிக் கூறாத விளக்கம் விளக்கமாகாது என்பதும் கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: வட்டாரம், வாக்களிப்பு, கூட்டணி, சாதி, கொங்கு, கன்னியாகுமரி, கீழத்தஞ்சை, தேர்தல் வரைபடம்.

முன்னுரை

நிலத்தையும் மாந்தர் ஒழுக்கத்தையும் இணைத்து நோக்குவது தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பிய அகத்திணையியல் முதற்பொருளாகக் கொள்வது நிலத்தை மட்டுமன்று. நிலமும் பொழுதும் சேர்ந்தே முதற்பொருளாகும். நிலத்தில் தோன்றி வாழ்வைத் தாங்கும் தெய்வம், உணவு, தொழில் முதலியன கருப்பொருளாகத் தனியே வைக்கப்பட்டன. இலக்கியக் கோட்பாடாகிய திணையைத் தேர்தல் அரசியலுக்கு அளவுகோலாக்குவது பொருந்தாது. ஆயினும் அது தரும் ஓர் எச்சரிக்கை இங்கு நினைக்கத்தக்கது. பொழுதை நீக்கிவிட்டு நிலத்தை மட்டும் கொண்டு ஒழுக்கத்தை உரைக்க இயலாது. நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் இடையே நிற்கும் கருப்பொருளைக் கடந்து செல்லவும் இயலாது.

இன்றைய வட்டார விளக்கங்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் செய்கின்றன. ஒரு தேர்தலின் முடிவை எல்லாக் காலத்துக்கும் உரிய இயல்பாகக் கொள்கின்றன. மண்ணிலிருந்து வாக்குச்சாவடிக்கு இடைநிலை ஏதுமின்றித் தாவுகின்றன. இக்குறைகள் எங்குத் தோன்றின, தமிழகச் சான்றுகள் அவற்றை எவ்வாறு வெளிப்படுத்துகின்றன, வட்டாரத்தை முறையாகப் பயன்படுத்தும் விளக்கம் எவ்வாறு அமையவேண்டும் என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

1. நிலவழி விளக்கத்தின் தோற்றமும் திரிபும்

தேர்தல் புவியியலின் முன்னோடியாகக் கருதப்படும் பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே சீக்ஃபிரீட் 1913இல் மேற்குப் பிரான்சின் அரசியல் குறித்த தம் நூலை வெளியிட்டார். கருங்கல் நிலம் வலதுசாரிகளுக்கும் சுண்ணாம்புக்கல் நிலம் இடதுசாரிகளுக்கும் வாக்களிக்கிறது என்று அந்நூலின் கருத்தை ஒரே வரியில் சுருக்கிக் கூறுவது பின்னாளில் வழக்காயிற்று. ஆனால் சீக்ஃபிரீட் கல்லுக்கும் வாக்குக்கும் இடையில் நீர் கிடைக்கும் முறை, குடியிருப்பு அமைப்பு, நிலவுடைமை, திருச்சபையின் செல்வாக்கு எனப் பல படிகளை வைத்திருந்தார். பெருநிலக்கிழாரையும் குருமாரையும் சார்ந்து சிதறி வாழும் உழவருக்கும், நெருங்கிய ஊர்களில் தம் சிறு நிலத்தை உழுது வாழும் உழவருக்கும் உள்ள வேறுபாடே அவரது ஆய்வின் உயிர். பின்வந்தோர் அப்படிகளை நீக்கிவிட்டுக் கல்லை மட்டும் நினைவில் கொண்டனர்.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் ‘கருமண் வளையம்’ இதனினும் தெளிவான சான்றாகும். வளமான கரிய மண்ணால் பெயர்பெற்ற அப்பகுதியில் பருத்திப் பண்ணைகள் பெருகின. பண்ணைகளோடு அடிமைமுறையும் பெருகியது. கருப்பின மக்கள் பெருந்தொகையினராக வாழ்ந்த மாவட்டங்களின் வெள்ளையரே இனஒதுக்கல் அரசியலுக்கு முதன்மைத் தூணாக நின்றனர் என்பதை வி.ஓ. கீ 1949இல் தம் நூலில் விளக்கினார். 1965இன் வாக்குரிமைச் சட்டத்துக்குப் பின் கருப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றனர். இன்று அதே வளையத்தின் பல மாவட்டங்கள் சனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை தருகின்றன. மண் மாறவில்லை, வாக்களிக்க இயன்றவர் யார் என்பது மாறியது. மண்ணை மட்டும் நோக்கும் ஆய்வாளருக்கு இம்மாற்றம் புலப்படாது.

முறையியல் எச்சரிக்கையொன்றும் இங்குக் கருதத்தக்கது. 1950இல் டபிள்யூ.எஸ். ராபின்சன் வெளியிட்ட கட்டுரை, அமெரிக்காவில் வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவு மிகுந்திருந்தாலும், தனிமனித அளவில் வெளிநாட்டில் பிறந்தோரிடையே எழுத்தறிவு குறைவாகவே இருந்தது என்பதைக் காட்டியது. பகுதியின் கூட்டுத்தொகையைக் கொண்டு அப்பகுதியில் வாழும் தனிமனிதரின் இயல்பை உரைப்பது பிழையாகலாம் என்பதே அதன் சாரம். தமிழகத் தேர்தல் எழுத்துகளில் மிகுதியாகக் காணப்படும் பிழையும் இதுவேயாகும்.

2. ஒரே நிலம், வேறு பொழுது

வட்டாரம் வாக்களிப்பைத் தீர்மானிக்குமாயின் குறுகிய கால இடைவெளியில் அதே வட்டாரம் ஏறத்தாழ அதே முடிவைத் தரவேண்டும். 1980ஆம் ஆண்டின் தமிழகம் இதற்கு மாறான சான்றாகிறது. அவ்வாண்டு சனவரியில் நடைபெற்ற மக்களவைத் தேர்தலில் தி.மு.க.–இந்திரா காங்கிரசு அணி 39 இடங்களில் 37ஐக் கைப்பற்றியது. அ.தி.மு.க. கோபிசெட்டிபாளையத்திலும் சிவகாசியிலும் மட்டுமே வென்றது. அடுத்த மாதமே எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டது. மே மாதம் நடைபெற்ற சட்டமன்றத் தேர்தலில் அதே அ.தி.மு.க. 234 இடங்களில் 129ஐப் பெற்று மீண்டும் ஆட்சியமைத்தது.

நான்கு மாதங்களில் மண்ணோ சாதிகளின் எண்ணிக்கையோ மாறுவதில்லை. மாறியது தேர்தலின் வினா. நடுவண் ஆட்சியை யார் நடத்துவது என்பது சனவரியின் வினா. மாநில ஆட்சியை யார் நடத்துவது என்பதும், கலைக்கப்பட்ட அரசுக்கு நீதி வழங்குவதா என்பதும் மே மாதத்தின் வினாக்கள். தி.மு.க.வும் காங்கிரசும் சட்டமன்ற இடங்களை ஏறத்தாழச் சமமாகப் பகிர்ந்துகொண்டமையால் அவ்வணி வென்றால் ஆட்சி யாருடையது என்னும் ஐயமும் எழுந்தது.

ஆளுக்கொரு நாளில் நடந்த தேர்தல்கள் என்று இச்சான்றை ஒதுக்குவோருக்கு 2019 விடை தருகிறது. அவ்வாண்டு ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலுடன் 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் நடைபெற்றது. தருமபுரி மக்களவைத் தொகுதியில் தி.மு.க. வென்று, அ.தி.மு.க. அணியில் போட்டியிட்ட பா.ம.க. தோற்றது. ஆனால் அத்தொகுதிக்குள் அடங்கிய பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் ஆகிய இரு சட்டமன்றத் தொகுதிகளிலும் அ.தி.மு.க. வென்றது. தேனியில் இதற்கு நேர்மாறான நிலை காணப்பட்டது. மக்களவைக்கு அ.தி.மு.க. வென்று, தி.மு.க. அணியின் காங்கிரசு தோற்றது. அதற்குள் அடங்கிய ஆண்டிபட்டி, பெரியகுளம் ஆகிய இரு சட்டமன்றத் தொகுதிகளையும் தி.மு.க. கைப்பற்றியது.

இவ்விரு முடிவுகளிலும் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. மக்களவைத் தேர்தலில் தோற்றது கூட்டணியின் துணைக்கட்சி. சட்டமன்ற இடைத்தேர்தலில் வென்றது அதே கூட்டணியின் தலைமைக் கட்சி. தருமபுரியில் மாம்பழம் தோற்ற நாளில் இரட்டை இலை வென்றது. தேனியில் கை தோற்ற நாளில் உதயசூரியன் வென்றது. சின்னம், வேட்பாளர், தேர்தலின் வகை ஆகியவற்றை வாக்காளர் வேறுபடுத்தி நோக்கினர் என்னும் கருதுகோளுக்கு இது இடமளிக்கிறது. எனினும் ராபின்சனின் எச்சரிக்கை இங்கும் பொருந்தும். ஒரு மக்களவைத் தொகுதி ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது. எனவே முழுத் தொகுதியின் முடிவை அதன் ஒரு பகுதியின் முடிவோடு நேரே பொருத்தி, ஒரே வாக்காளர் இருவேறு அணிகளுக்கு வாக்களித்தார் என்று கூறிவிட இயலாது. வாக்குச்சாவடி வாரியாகத் தேர்தல் ஆணையம் வெளியிடும் படிவம் 20ஐக் கொண்டு இரு தேர்தல்களையும் ஒப்பிட்ட பின்னரே அவ்வாறு கூற முற்படலாம். அ.ம.மு.க. பிரித்த வாக்குகளும் கணக்கில் கொள்ளப்படவேண்டும்.

3. ‘கோட்டை’ என்னும் உருவகம்: கோயம்புத்தூர்

2021 சட்டமன்றத் தேர்தலில் கோயம்புத்தூர் மாவட்டத்தின் 10 தொகுதிகளையும் அ.தி.மு.க. அணி வென்றது, அதே தேர்தலில் சென்னையின் 16 தொகுதிகளையும் தி.மு.க. அணி வென்றது. ‘மேற்கு மண்டலக் கோட்டை’ என்னும் தொடருக்கு இம்முடிவு பெருவலிமை சேர்த்தது. கொங்கு வேளாளர் எண்ணிக்கை, நிலவுடைமை, நெசவு, சிறுதொழில் முனைவு என்பன காரணங்களாக அடுக்கப்பட்டன.

கோயம்புத்தூர் மக்களவைத் தொகுதியின் வரலாறு இவ்வுருவகத்தோடு இசைவதாயில்லை. 1957இல் அத்தொகுதி இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் பார்வதி கிருட்டிணனைத் தேர்ந்தெடுத்தது. 1998இலும் 1999இலும் பாரதிய சனதா கட்சியின் சி.பி. இராதாகிருட்டிணன் வென்றார். முதல் முறை அ.தி.மு.க. அணியிலும் அடுத்த முறை தி.மு.க. அணியிலும் அவர் நின்றார் என்பது நோக்கத்தக்கது. 2004இல் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி வென்றது. 2009இலும் 2019இலும் மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியின் பி.ஆர். நடராசன் வென்றார், அவரும் ஒருமுறை அ.தி.மு.க. அணியிலும் மறுமுறை தி.மு.க. அணியிலும் இருந்தவர். இடையில் 2014இல் அ.தி.மு.க.வும், பின்னர் 2024இல் தி.மு.க.வும் வென்றன.

ஒரே தொகுதி கொள்கையில் எதிரெதிரான கட்சிகளையும், அக்கட்சிகளை எதிரெதிரான அணிகளிலும் தேர்ந்தெடுத்திருக்கிறது. இதனைக் ‘கோட்டை’ என்று அழைப்பின், அது யாருடைய கோட்டை என்னும் வினாவுக்கு விடையில்லை. ஆலைத் தொழிலாளர் சங்கங்கள் வலுப்பெற்றிருந்த நகரம் பொதுவுடைமையருக்கு ஒரு தளத்தை அளித்தது. 1998 பிப்ரவரிக் குண்டுவெடிப்புகளின் சூழல் பாரதிய சனதாவுக்கு வாய்ப்பளித்தது. எனினும் ஒவ்வொரு வெற்றியிலும் இத்தகைய உள்ளூர்க் காரணங்களோடு கூட்டணிக் கணக்கும் செயற்பட்டுள்ளது. 2024இல் அ.தி.மு.க.வும் பாரதிய சனதாவும் தனித்தனியே நின்றன. அவ்விரு கட்சிகளின் வாக்குகளைக் கூட்டினால் வென்ற தி.மு.க. வேட்பாளரின் வாக்குகளை மிஞ்சும். அவை ஒன்றாக நின்றிருந்தால் அவ்வாக்குகள் அப்படியே சேர்ந்திருக்கும் என்று கொள்வதும் ஓர் ஊகமே. ஆயினும் முடிவை மண்ணின் இயல்பாகக் கொள்வதினும் அணிகளின் அமைப்போடு இணைத்து ஆராய்வது சான்றுக்கு நெருங்கியதாகும்.

4. சாதி என்னும் இடைநிலை: வட மாவட்டங்கள்

வட்டாரத்துக்கு மாற்றாகச் சாதியைக் காரணமாக்கும் விளக்கம் மேலும் வலிமையுடையதாகத் தோன்றும். அதற்கு வரலாற்று அடிப்படையும் உண்டு. 1952ஆம் ஆண்டுச் சென்னை மாநிலத் தேர்தலில் வன்னியரை அடித்தளமாகக் கொண்ட தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், காமன்வீல் கட்சி 6 இடங்களையும் பெற்றன. 1989இல் தோன்றிய பா.ம.க.வும் இப்பகுதியிலேயே வேரூன்றியது.

ஆனால் மக்கள்தொகைக் கூறு தானாக வெற்றியாக மாறுவதில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் பா.ம.க. ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் தனித்து நின்றது, ஒன்றிலும் வெல்லவில்லை. அதன் முதல்வர் வேட்பாளரான அன்புமணி இராமதாசும் பென்னாகரத்தில் தோற்றார். 2021இல் அ.தி.மு.க. அணியில் 23 இடங்களில் நின்று 5 இடங்களை வென்றது. இவ்விரு தேர்தல்களுக்கும் இடையே வட மாவட்டங்களின் சாதி விகிதம் மாறிவிடவில்லை.

காமராசரின் தேர்தல் வாழ்வு இக்கருத்தை மேலும் தெளிவாக்கும். 1967இல் தம் சொந்த ஊராகிய விருதுநகரில் 1,285 வாக்கு வேறுபாட்டில் அவர் தோற்றார். 1969 சனவரியில் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் வென்றார். இரு பகுதிகளிலும் அவர் பிறந்த நாடார் சமூகத்தினர் குறிப்பிடத்தக்க அளவில் வாழ்கின்றனர். வேட்பாளர் ஒருவரே, கட்சியும் ஒன்றே. சாதி என்னும் கூறு இரு இடங்களிலும் இருந்தும் முடிவு ஒன்றாகவில்லை. விருதுநகரில் மாநில ஆட்சிக்கு எதிரான அலையும் மொழிப்போருக்குப் பிந்திய மாணவர் எழுச்சியும் இருந்தன. நாகர்கோவிலில் காங்கிரசு வேறொரு வரலாற்றைக் கொண்டிருந்தது. அவ்வரலாறே அடுத்த பகுதியின் பொருளாகும்.

5. வட்டாரம் பொருள்பெறும் இடங்கள்

வட்டாரம் என்னும் கருத்தையே கைவிடவேண்டும் என்பது இதுவரை கூறியவற்றின் முடிபன்று. 2014 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. 39 இடங்களில் 37ஐ வென்றபோது கன்னியாகுமரியில் பாரதிய சனதா வென்றது; காங்கிரசு இரண்டாமிடம் பெற்றது; அ.தி.மு.க.வும் தி.மு.க.வும் மூன்றாம், நான்காம் இடங்களுக்குத் தள்ளப்பட்டன. மாநிலம் முழுதும் வீசிய அலை ஒரு மாவட்ட எல்லையில் நின்றதாயின் அதற்குக் காரணம் கூறியாகவேண்டும்.

அக்காரணம் மண்ணில் இல்லை; 1956 நவம்பர் 1க்கு முந்திய ஆட்சி எல்லையில் உள்ளது. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அதுவரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தன. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சியும் சுயமரியாதை இயக்கமும் வளர்ந்த பத்தாண்டுகளில் இப்பகுதி அவற்றின் நேர்ப்புலத்துக்கு வெளியே இருந்தது. தாய்த் தமிழகத்தோடு இணைவதற்கான போராட்டத்தை மார்சல் நேசமணியின் தலைமையில் நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசே இங்கு மக்களின் அரசியல் பள்ளியாயிற்று. திருச்சபைகளின் அமைப்புவலிமையும், 1982 மண்டைக்காடு கலவரத்துக்குப் பின் கூர்மையடைந்த சமய அணிதிரட்டலும் பின்னர்ச் சேர்ந்தன. 1996இல் பாரதிய சனதாவின் முதல் தமிழகச் சட்டமன்ற உறுப்பினர் பத்மநாபபுரத்திலிருந்து தேர்வானார். இங்கு ‘வட்டாரம்’ என்பது இத்தகைய நிறுவனங்களின் தொடர்ச்சிக்கு இடப்பட்ட பெயராகும். திருவிதாங்கூரிலிருந்தே பிரிந்து, ஆனால் திருநெல்வேலி மாவட்டத்தோடு இணைக்கப்பட்ட செங்கோட்டைப் பகுதியை இதனோடு ஒப்பிட்டு ஆராய்வது இவ்விளக்கத்தின் உறுதியைச் சோதிக்க உதவும்.

கீழத்தஞ்சை மற்றொரு சான்று. நாகப்பட்டினம், திருவாரூர்ப் பகுதிகளில் பொதுவுடைமைக் கட்சிகள் பெற்ற இடம் நெல் விளையும் மண்ணால் விளைந்ததன்று. மேலைத்தஞ்சையிலும் காவிரி பாய்கிறது. அங்கும் நெல்லே விளைகிறது. பெருநிலவுடைமையின் கீழ்ப் பண்ணையாட்களாக வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்களை 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் சங்கமாக்கினர். 1952இன் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1968 திசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழவெண்மணியும் அப்போராட்ட வரலாற்றின் இரு முனைகள். அமைப்பு இருந்த இடத்தில் வாக்கு நிலைத்தது. ஆயினும் அதுவும் முழுமையானதன்று. 2021இல் திருவாரூர் மாவட்டத்தின் நான்கு தொகுதிகளில் திருவாரூரும் மன்னார்குடியும் தி.மு.க.வுக்கும், திருத்துறைப்பூண்டி இந்தியப் பொதுவுடைமைக் கட்சிக்கும், நன்னிலம் அ.தி.மு.க.வுக்கும் கிடைத்தன. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே வட்டாரம் பிளவுபடுகிறது.

6. வரைபடம் மறைப்பவை

வட்டார விளக்கத்துக்கு வலுவூட்டும் கருவி தேர்தல் வரைபடமாகும். ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றாலும் தொகுதி முழுதும் வென்றவரின் நிறத்தைப் பெறுகிறது. 2021இல் இரு பெரும் அணிகளுக்கும் இடையிலான வாக்கு வேறுபாடு 6 விழுக்காட்டினும் குறைவு. இட வேறுபாடோ 84. அத்தேர்தலில் மேற்கு மண்டலத்தின் மொடக்குறிச்சி 281 வாக்குகளிலும், கோயம்புத்தூர் தெற்கு 1,728 வாக்குகளிலும் முடிவாயின. வரைபடத்தில் இவையும் பல்லாயிரம் வாக்குகளில் வெல்லப்பட்ட தொகுதிகளும் ஒரே நிறத்தன.

இது வெறும் முறையியல் குறை மட்டுமன்று. ‘கொங்கு இவ்வாறு வாக்களித்தது’ என்னும் தொடரில் கொங்கு என்பது நிலவுடைமைச் சாதியைக் குறிப்பதாகச் சுருங்குகிறது. அதே மண்ணில் வாழும் அருந்ததியர், விசைத்தறித் தொழிலாளர், பின்னலாடைத் தொழிலில் உழைக்கும் பெண்கள் ஆகியோரின் தேர்வு அச்சொல்லுக்குள் மறைகிறது. ஆய்வாளர் எழுதும் இச்சுருக்கத்தைக் கட்சிகள் வேட்பாளர் தேர்வுக்கான விதியாகக் கொள்கின்றன. பெரும்பான்மைச் சாதியைச் சாராதவர் பொதுத்தொகுதியில் வாய்ப்பிழக்கின்றனர். அதன்பின் அச்சாதியினரே வெல்வது மீண்டும் விளக்கத்துக்குச் சான்றாக்கப்படுகிறது. விளக்கம் தனக்குரிய சான்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் நிலை இது.

நிர்வாக எல்லைகள் குறித்த விவாதத்தையும் இவ்வரைபடம் தொடுகிறது. 2021 சூலையில் புதிய ஒன்றிய அமைச்சர்கள் குறித்து வெளியான குறிப்பில் ‘கொங்கு நாடு’ என்னும் சொல் இடம்பெற்றபோது, தனி மாநிலம் குறித்த சொற்போர் எழுந்தது. இரு மாதங்களுக்கு முந்திய தேர்தல் முடிவுகள் அவ்விவாதத்தில் எடுத்துக்காட்டப்பட்டன. மூன்றாண்டுகளில் 2024 மக்களவைத் தேர்தல் அதே பகுதியை முழுமையாக வேறு நிறமாக்கியது. ஒரு தேர்தலின் கணக்கை மண்ணின் நிலைத்த விருப்பமாகக் கொள்வதன் பேதைமை இதனால் விளங்கும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து, வட்டார விளக்கம் எதனையும் ஏற்குமுன் கேட்கவேண்டிய மூன்று வினாக்கள் பெறப்படுகின்றன. முதலாவது, வழி குறித்த வினா: வட்டாரம் எந்தச் சங்கம், சமய அமைப்பு, கட்சிக்கிளை, நிலவுறவு வழியாக வாக்காளரை அடைகிறது? இரண்டாவது, பொழுது குறித்த வினா: தேர்தலின் வகையும் அணிகளும் மாறும்போதும் அவ்விளக்கம் நிற்கிறதா? மூன்றாவது, உள்வேறுபாடு குறித்த வினா: வாக்குச்சாவடி அளவிலும், சமூகப் பிரிவுகளின் அளவிலும் அது மெய்யாகிறதா? கன்னியாகுமரி பற்றிய விளக்கம் முதலிரண்டு வினாக்களுக்கும் பெருமளவில் விடைதருகிறது. ‘மேற்கு மண்டலக் கோட்டை’ என்பது இரண்டாம் வினாவிலேயே தளர்கிறது. ‘வட மாவட்டச் சாதி வாக்கு’ என்பது கூட்டணியைச் சேர்த்தாலன்றி நிற்பதில்லை.

படிவம் 20 போன்ற வாக்குச்சாவடிப் பதிவுகள் இன்று ஆய்வாளருக்கு எட்டும் நிலையில் உள்ளன. வளரும் சமூகங்களின் ஆய்வு மையத்தைச் சார்ந்த லோக்நீதியின் தேர்தலுக்குப் பிந்திய கணக்கெடுப்புகள் வாக்காளரிடமே காரணம் கேட்கின்றன. இவற்றையும் ஊரளவிலான களஆய்வையும் இணைக்கும் முயற்சிகள் தமிழில் பெருகவேண்டும். மக்கள் ஏன் அவ்வாறு வாக்களித்தனர் என்னும் வினாவை மக்களிடமிருந்து எடுத்து மண்ணிடம் கேட்பது எளிது, மண் மறுத்துரைப்பதில்லை. நான்கு மாதங்களில் தம் தீர்ப்பை மாற்றிய 1980இன் வாக்காளர் மறுத்துரைத்தனர். அவர்களை எண்ணிப் பார்த்துத் தெரிவுசெய்யும் மாந்தராக மதிப்பதே வட்டார ஆய்வின் தொடக்கமாக அமையவேண்டும்.